வெளி டேப்பை வெளியே மூடினால் போதாது

டொரோன்டோ பக்கத்து வீடுகளில் குளிருக்குப் பைப் வெடித்தால் முதலில் பார்க்க வேண்டியது தோட்டத்து டேப்பைத்தான். அதை அக்டோபர் முடிவதற்குள் அடைத்துவிட வேண்டும். பலர் வெளியே இறுக்கித் திருகிவிட்டு வந்துவிடுகிறார்கள். சுவருக்குள் நிற்கும் தண்ணீர் அங்கேயேதான் இருக்கும்.

முதலில் ஹோஸைக் கழற்றுங்கள். பேஸ்மென்ட்டில், பைப் சுவருக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு வால்வு இருக்கும், அதை மூடுங்கள். பிறகு வெளி டேப்பை முழுக்கத் திறந்து வடியவிடுங்கள். திரும்பி வந்து வாளியைக் கீழே வைத்து, வால்வின் பக்கத்தில் இருக்கும் சின்ன மூடியைத் திருகித் திறங்கள். காற்று உள்ளே போனால்தான் மிச்சத் தண்ணீர் இறங்கும். சொட்டுவது நிற்கவே இல்லையென்றால் வால்வு சரியாக மூடவில்லை, பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருக்கும். நின்றதும் மூடியைப் போட்டுவிடுங்கள். வெளி டேப் மட்டும் வசந்தம்வரை திறந்தே கிடக்கட்டும்.

உறையாத வகை டேப் என்று விற்பதிலும் ஹோஸ் மாட்டியே இருந்தால் தண்ணீர் வடியாது. ஜனவரியில் பிளந்தது மே மாதம் திறக்கும்போதுதான் தெரியவரும், அதுவும் சுவர் நனைந்த பிறகு.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கிறது. ஐஸுக்கும் மூடிய டேப்புக்கும் நடுவே சிக்கிய தண்ணீரில் அழுத்தம் ஏறுவதால், ஐஸே இல்லாத இடத்தில்கூடப் பைப் பிளக்கும். கடுங்குளிர் இரவில் வீட்டுக்குள் இருக்கும் டேப்பைப் பென்சில் முனை கனத்துக்கு ஒழுகவிடச் சொல்வது இந்த அழுத்தம் வெளியேறத்தான். சுடுதண்ணீர்ப் பக்கத்தையும் மறக்க வேண்டாம்.

கிச்சன் சிங்க் வெளிச்சுவரை ஒட்டியிருந்தால் அடிக் கபோர்டைத் திறந்து வையுங்கள். பைப்பைச் சுற்றிப் போடும் ஃபோம் உறை சூடு தராது, உறைவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கேபிள் நுழையும் ஓட்டை வழியாக அடிக்கும் காற்றுதான் பெரிய எதிரி, அதை அடையுங்கள். இன்சுலேஷனைப் பைப்புக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் வைக்க வேண்டும். அறைப் பக்கம் திணித்தால் வீட்டுச் சூடு பைப்புக்குப் போகாது.

உறைந்தே விட்டதா? டேப்பைத் திறந்து வைத்து, டேப் பக்கமிருந்து உறைந்த இடம் நோக்கி ஹேர் ட்ரையரால் சூடுகாட்டுங்கள். தீ வேண்டவே வேண்டாம். செம்புப் பைப் ஏற்கெனவே பிளந்திருந்தால் ஐஸ் உருகும்போதுதான் கொட்டத் தொடங்கும். மெயின் வால்வுக்குப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள்.