வனவியல் மாணவருக்குக் கல்வி உளவியல் துறையில் என்ன வேலை? பதிவுக்கு அலைந்த கதையும், கற்றதும்

ஒரு செமஸ்டர் போயே போய்விட்டது. பாடம் கடினம் என்பதால் அல்ல. பழைய பாடத்தின் முழு சிலபஸ் கையில் இல்லாததாலும், படிவத்தில் கையெழுத்துகள் வரிசை மாறி விழுந்ததாலும். வனவியலிலோ வனவிலங்குச் சூழலியலிலோ முதுநிலைப் படிப்பில் இருந்துகொண்டு, புள்ளியியல் பாடத்தைக் கல்வி உளவியல் துறையில் எடுக்க நினைப்பவர்கள் முதலில் இந்த இரண்டையும் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஏன் அந்தத் துறை என்று அலுவலகத்தில் கண்டிப்பாகக் கேட்பார்கள். மாணவர் வகுப்புக்குள், வகுப்பு பள்ளிக்குள். மரம் பிளாட்டுக்குள் (கணக்கெடுக்க அளந்து குறித்த சிறு நிலப்பகுதி), பிளாட் காட்டுத்துண்டுக்குள். இரண்டும் ஒரே அமைப்பு. ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பதுபோல, ஒரே காட்டுத்துண்டின் பிளாட்டுகளும் ஒத்திருக்கும். இதைக் கணக்கில் எடுக்கும் மல்டிலெவல் மாடல்களைக் கல்வி ஆய்வாளர்கள் 1980-களிலிருந்தே வளர்த்து வந்திருக்கிறார்கள். அதனால் அங்கே இது ஒரு செமஸ்டர் முழுக்க ஓடும் பாடமாக இருக்கும். நம் துறைப் பாடத்தில் பெரும்பாலும் கடைசி இரண்டு வாரத்தில் தொட்டுவிட்டுப் போவார்கள்.

முதல் முட்டுக்கட்டை முன்தேவைப் பாடம். பதிவு மென்பொருளில் அந்தத் துறையின் சொந்தப் பாடக் குறியீடு மட்டும்தான் முன்தேவையாகப் பதிந்திருக்கும். நம் துறையில் ரிக்ரெஷன் (மாறிகளுக்கு இடையேயான தொடர்பைக் கணிக்கும் முறை) படித்து நல்ல கிரேடு வாங்கியிருந்தாலும் அதற்குத் தெரியாது, தடுத்துவிடும். பாடம் நடத்தும் பேராசிரியரின் அனுமதி இருந்தால்தான் தடை நீங்கும். நான் அனுப்பியது பாடக் கையேட்டிலிருந்த நாலு வரி விவரம். திரும்பி வந்துவிட்டது. அவர் பார்க்க விரும்பியது மூன்றே விஷயம்: பல மாறி ரிக்ரெஷன் எத்தனை வாரம், இன்டராக்‌ஷன் (ஒரு மாறியின் தாக்கம் இன்னொன்றைப் பொறுத்து மாறுவது) நடத்தினார்களா, வகை மாறிகளை 0, 1 என்ற டம்மி மாறிகளாக மாற்றக் கற்றுக்கொடுத்தார்களா. வாரவாரியான சிலபஸை மதிப்பெண் பட்டியலோடு சேர்த்து, இந்த மூன்றும் வரும் வாரங்களை அடிக்கோடிட்டு அனுப்புங்கள். பழைய பாடங்களின் சிலபஸை அந்தந்த செமஸ்டரிலேயே பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள். பின்னால் தேடினால் இணைப்பு வேலை செய்யாது, நடத்தியவரும் வேறிடம் போயிருப்பார்.

அடுத்தது கையெழுத்து. வரிசை இப்படி: பாடம் நடத்துபவர், கைடு, நம் துறைத் தலைவர், கடைசியாக முதுநிலைப் படிப்பு அலுவலகம். துறைத் தலைவர் ஊரில் இருக்கிறாரே என்று அவரிடம் முதலில் வாங்கியது தவறாகிவிட்டது. பாடம் நடத்துபவர் ஒப்புக்கொள்வதற்கு முந்தைய தேதியில் ஒப்புதல் இருப்பதால் படிவம் செல்லாது என்று எழுத்தர் திருப்பிக் கொடுத்தார். விதி அதுதான் என்றால் படிவத்திலேயே அச்சடித்திருக்கலாம், எங்கும் இல்லை. புதுப் படிவத்தோடு மறுபடி போனபோது துறைத் தலைவர் விடுப்பில். அவர் திரும்புவதற்குள் பாடம் சேர்க்கும் கடைசி நாள் தாண்டிவிட்டது. அந்த நாளுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே ஓட ஆரம்பியுங்கள்.

‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘ஆய்வுக்குப் பயன்படும்’ என்று எழுதினால் நிற்காது. அடுத்த முறை எழுதியது: ‘12 காட்டுத்துண்டுகள், ஒவ்வொன்றிலும் 10 பிளாட், 4 பருவக் கணக்கெடுப்பு. இந்த அடுக்குத் தரவை ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் பகுப்பாய்வு செய்ய இப்பாடம் தேவை. இதற்கு இணையான பாடம் எம் துறையில் இல்லை.’ கேள்வியே வரவில்லை. கட்டணம், அட்டவணை எல்லாம் தானாக நடந்தன.

பதிவு உறுதிச் சீட்டை அன்றே திறந்து பாருங்கள். கிரெடிட்டுக்கா, கிரெடிட் இல்லாமல் உட்கார்ந்து கேட்கும் வெறும் ஆடிட்டா? இளநிலை, முதுநிலை இரண்டுக்கும் பொதுவான பாடமென்றால் எந்த நிலையில் பதிவாகியிருக்கிறது? தவறான நிலையில் பதிந்தால் செமஸ்டர் முழுக்க உழைத்தும் அந்தக் கிரெடிட் பட்டத்தில் சேராமல் போகலாம். தேர்வு, அசைன்மென்ட் தேதிகளையும் முதல் வாரத்திலேயே கேட்டு, களப்பணி நாட்களோடு ஒப்பிட்டுவிடுங்கள். காட்டுக்குள் சிக்னல் இருக்காது என்பதை அந்தத் துறையில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

பாடத்துக்குள் போனதும் தரவுத்தாளில்தான் அடி விழும். களத்தில் ஒவ்வொரு காட்டுத்துண்டிலும் பிளாட்டுகளுக்கு 1 முதல் 10 வரை எண் போடுவது வழக்கம். அப்படியே கணினியில் ஏற்றி, காட்டுத்துண்டையும் பிளாட்டையும் தனித்தனி ரேண்டம் எஃபெக்டாக (குழுவுக்குக் குழு வரும் தற்செயல் வேறுபாடாக) கொடுத்தால், 12 துண்டுகளிலும் இருக்கும் ‘பிளாட் 1’ எல்லாம் ஒரே பிளாட் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். 120 பிளாட் 10 ஆகச் சுருங்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, முடிவு மட்டும் தப்பாக வரும். ‘கா03-பி07’ என்பதுபோல ஒவ்வொரு பிளாட்டுக்கும் தனி அடையாளம் கொடுங்கள். அதைக் களத்தாளிலேயே எழுதிவிடுவது இன்னும் நல்லது. ஓடவிட்டதும் வெளியீட்டில் குழுக்களின் எண்ணிக்கை ஒரு வரியில் வரும். அங்கே 120, 12 என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றதைப் படியுங்கள்.

இந்தப் பாடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு பருவத்தில் 120 பிளாட். ஒரே துண்டுக்குள் இருக்கும் ஒப்புமை, அதாவது ஐசிசி, 0.4 என்று வைத்துக்கொள்வோம். டிசைன் எஃபெக்ட், அதாவது இந்த ஒப்புமையால் தகவல் எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பது, 1 + (10 − 1) × 0.4 = 4.6. 120-ஐ 4.6-ஆல் வகுத்தால் 26. துண்டு அளவிலான ஒரு காரணியைச் சோதிக்கும்போது கையில் இருப்பது 26 பிளாட்டுக்குச் சமமான தகவல்தான். 120 தனித்தனி மாதிரி என்று எண்ணிச் சோதனை போட்டால் இல்லாத வேறுபாடெல்லாம் இருப்பதாகத் தெரியும். சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் 176 சூழலியல் சோதனை ஆய்வுகளை எடுத்துப் பார்த்தபோது, புள்ளியியல் சோதனை போட்டவற்றில் 48 சதவீதத்தில் இந்த வகைப் பிழை இருந்தது.

மாறிகளை மையப்படுத்துவது பற்றி அங்கே நடத்தும் வகுப்பைத் தவறவிடாதீர்கள். நிழலுக்கும் நாற்று எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பைக் கேட்கிறோம். ஒரே துண்டுக்குள் நிழல் கூடிய பிளாட்டில் நாற்று குறைகிறதா என்பது ஒரு கேள்வி. நிழல் கூடிய துண்டுகளில் மொத்தமாகவே நாற்று குறைவா என்பது இன்னொன்று. நிழலைத் தரவுத்தாளில் ஒரே நெடுவரிசையாகப் போட்டால் இரண்டும் கலந்துவிடும். துண்டின் சராசரி ஒரு நெடுவரிசை, பிளாட்டின் அளவிலிருந்து அந்தச் சராசரியைக் கழித்தது இன்னொரு நெடுவரிசை என்று பிரித்துவிடுங்கள்.

அங்கே கிடைக்காததும் உண்டு. உதாரணங்களெல்லாம் தேர்வு மதிப்பெண். நம்முடையது எண்ணிக்கை, அதிலும் பூஜ்ஜியம் நிறைய. நார்மல் பரவலில் ஓட்டக் கூடாது. எண்ணிக்கைக்கான பாய்ஸான் பரவலில் தொடங்கி, ஓவர்டிஸ்பெர்ஷன் (அது எதிர்பார்ப்பதைவிட அதிகச் சிதறல்) இருந்தால் நெகட்டிவ் பைனாமியல் பரவலுக்குப் போக வேண்டும். காட்டுத்துண்டு மூன்றோ நான்கோதான் என்றால் ரேண்டம் எஃபெக்டின் வேரியன்ஸ் (சிதறல் அளவு) பூஜ்ஜியத்தில் போய் நின்று ‘சிங்குலர் ஃபிட்’ எச்சரிக்கை வரலாம். அப்போது துண்டை ஃபிக்ஸட் எஃபெக்டாக (ஒவ்வொரு துண்டுக்கும் தனி மதிப்பாக) மாற்றுவதே நேர்மை. கண்டறியும் வாய்ப்பும் நம் பிரச்சினைதான்: ஒருமுறை போனால் விலங்கு கண்ணில் படும் வாய்ப்பு 0.3 என்றால், நான்கு முறை போயும் தவறவிடும் வாய்ப்பு 0.7-இன் நான்காம் அடுக்கு, சுமார் 0.24. இப்படித் தவறவிடுவதையும் கணக்கில் எடுத்து, விலங்கு அங்கே இருக்கிறதா என்று மதிப்பிடும் ஆக்குபன்சி மாடலை நம் துறையிலேயே படியுங்கள்.

மனிதர்–விலங்கு மோதல் பற்றி மக்களிடம் கேள்வித்தாள் கொடுப்பவர்கள் அதே கல்வி உளவியல் துறையில், மனப்பான்மையைக் கேள்விகளால் அளக்கக் கற்றுத்தரும் அளவுகோல் பாடத்தையும் எடுக்கலாம். ‘யானை அருகில் வருவதை நான் ஏற்கமாட்டேன்’ போன்ற எதிர்மறைக் கூற்றுகளின் மதிப்பைத் திருப்பிப் போட மறந்தால், கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபா சரிந்துவிடும், எதிர்ம எண்ணாகக்கூட வரலாம். கேள்வித்தாள் கெட்டது என்று தூக்கி எறியும் முன் இதைச் சரிபாருங்கள்.

இதில் மன்னிப்பே இல்லாத இடம் மனித ஆய்வு நெறிக்குழு. கேமரா வைக்கவோ விலங்கைப் பிடிக்கவோ வாங்கிய அனுமதி, மனிதரிடம் கேள்வி கேட்கச் செல்லாது. குழு, படிவம், காலக்கெடு எல்லாமே வேறு. முன்னோட்டமாக 20 வீட்டில் கேட்டுப் பார்த்த பதில்களைக்கூட, ஒப்புதல் தேதிக்கு முந்தையவை என்பதால் ஆய்வேட்டில் சேர்க்க முடியாமல் போனது. பின்தேதியிட்டு யாரும் ஒப்புதல் தரமாட்டார்கள். ஒப்புதல் படிவத்தை மக்கள் பேசும் மொழியிலும் வைத்து, எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் வாய்மொழியாக எப்படிச் சம்மதம் வாங்குவோம் என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். அது இல்லாததால்தான் முதல் விண்ணப்பம் திருத்தத்துக்குத் திரும்பியது.