தலையில் கை வைத்தவன்

மார்ச் 4
இரவு 2 மணி. வலது கையைத் தூக்கித் தலைமேல் போட்டுக்கொண்டால் மட்டும் குடைச்சல் அடங்குகிறது. இறக்கினால் தோள்பட்டையிலிருந்து நடுவிரல் வரை ஒரே இழுப்பு. இடது கையால் தட்டுகிறேன், பிழை இருக்கும்.

மார்ச் 5
சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்தேன். கட்டைவிரலுக்குத் தெரிகிறது. நடுவிரலுக்குத் துணியும் பொத்தானும் ஒன்றுதான்.

மார்ச் 7
பிசியோதெரபி முதல் நாள். அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். கழுத்தில் நெட்டி முறித்துவிடுவாரோ என்று பயந்துகொண்டும், உள்ளுக்குள் அதற்கே ஆசைப்பட்டுக்கொண்டும் போனேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. தலையை வலப்பக்கம் சாய்த்து மேலிருந்து மெல்ல அழுத்தினார். கை முழுக்கச் சுரீர்.

"எந்த விரல் சார்?"

முழங்கைக்குப் பின்னால் சின்னச் சுத்தியலால் தட்டினார். இடது கை துள்ளியது, வலது கை சும்மா கிடந்தது. இன்னொரு முறை தட்டியபோது நானே துள்ள வைக்கப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டார்.

கழுத்தில் எலும்பு 7, நரம்பு வேர் 8 ஜோடி. எனக்கு நெருக்கடி ஏழாவது வேரில், ஆறாம் ஏழாம் எலும்புகளுக்கு நடுவே அது வெளியே வரும் இடத்தில். "தலையில கை வச்சா குறையுதா?" என்று அவராகவே கேட்டார். அப்படி வைத்தால் நரம்பின் இறுக்கம் தளருமாம். வீட்டுக்கு வருகிறவர்களோ என்னைப் பார்த்து ஏதோ குடி முழுகிவிட்டதாக நினைக்கிறார்கள்.

மார்ச் 8
பொத்தான்: அதே.

மார்ச் 11
மல்லாந்து படுத்தேன். தலையை இரு கைகளிலும் ஏந்தி, கழுத்தில் அந்த ஓர் இடத்தை மட்டும் இடப்பக்கமாக நகர்த்தி விட்டார். நகர்த்தினார் என்பதே பெரிய சொல். தூங்கும் குழந்தையின் தொட்டிலை ஒற்றை விரலால் ஆட்டுவதுபோல.

இதில் நான்கு படிகள், ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் மெய்ட்லேண்ட் வகுத்தவை. முதல் படி தொடக்கத்திலேயே சின்ன அசைவு. இரண்டாவது பெரிய அசைவு, ஆனால் மூட்டு எதிர்க்கத் தொடங்குமுன் நின்றுவிட வேண்டும். மூன்றாவது அந்த எதிர்ப்புக்குள் நுழையும். நான்காவது கடைசி எல்லையில் சின்னதாக. வலி கத்தும்போது முதல் இரண்டு, விறைப்புக்குத்தான் மற்றவை. "நாலாவதுக்கு எப்போது பாஸ் ஆவேன்?" என்றேன். "அது பாஸ் மார்க் இல்ல சார்."

வீடு வரும் வரை கை என்னுடையதாக இருந்தது. தொடுகையும் அசைவும் கொண்டுபோகும் செய்தி, முதுகுத்தண்டிலேயே வலியின் வழியை மறித்துவிடும் என்று 1965இல் மெல்சாக், வால் என்ற வலி ஆய்வாளர்கள் இருவரும் சொன்னார்கள். கதவு மாதிரி.

மார்ச் 12
கதவு நேற்று ஒன்பது மணி வரை சாத்தியிருந்தது. அப்புறம் யாரோ எட்டி உதைத்துவிட்டார்கள்.

மார்ச் 15
வீட்டுப் பயிற்சி. கையைப் பக்கவாட்டில் நீட்டி, மணிக்கட்டைப் பின்னால் மடக்கும்போது தலையை அந்தக் கைப்பக்கமே சாய்க்க வேண்டும். மணிக்கட்டைத் தளர்த்தும்போது தலை எதிர்ப்பக்கம். ஒரு முனையை இழுத்தால் மறுமுனையை விட்டுக்கொடுப்பது, இடுப்பு நாடா உள்ளே ஓடுவதுபோல. 10 தடவை சொன்னார். 40 செய்தேன். அதுவும் இரண்டு முனையையும் ஒன்றாக இழுத்து.

மார்ச் 16
கை தலைமேல்.

மார்ச் 18
"இழுக்கவா சொன்னேன்? ஓட விடச் சொன்னேன்." நரம்பு தசை இல்லை, இழுத்துப் பிடித்தால் அதற்குள் போகும் ரத்தமே குறையும்.

திட்டு வாங்கிய கையோடு நெட்டியைப் பற்றியும் கேட்டுவிட்டேன். அந்தச் சத்தம் எலும்பு இடம் சேர்வதல்ல, மூட்டுத் திரவத்தில் வாயுக்குழி உண்டாவது. கை பலம் குறைந்திருக்கும்போது அதைச் செய்யவே மாட்டாராம். ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மார்ச் 21
ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள்: நடை தடுமாறுகிறதா, இரண்டு கையும் மரத்துப்போகிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா. ஆம் என்றால் தண்டுவடமே நசுங்கிக்கொண்டிருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனை. ஆகவே இரவு மூன்று மணிக்குக் கூடத்தில் குதிகாலும் விரலும் தொட நேர்கோட்டில் நடக்கிறேன். போக 14 அடி, வர 14. விழவில்லை. தூக்கக் கலக்கத்தில் கொஞ்சம் சாய்ந்தேன், அது கணக்கா?

இன்னொன்று. வலி குறைந்திருக்கிறது, கதவைத் தள்ளத்தான் வலுவில்லை. நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தால் வலது முழங்கை மடிந்துவிடுகிறது. வலி குறைவது நரம்பு தேறுவதாலா, ஓய்ந்துபோவதாலா? இதை அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

மார்ச் 24
குடைச்சல் முழங்கைக்கு மேல் ஏறிவிட்டது. கழுத்து அதிகம் வலிக்கிறது. அவருக்கு ஒரே சந்தோஷம். விரலிலிருந்து வலி பின்வாங்கினால் நல்ல அறிகுறியாம். என் கழுத்து, அவர் சந்தோஷம்.

மார்ச் 27
கண்ணை மூடிக்கொண்டு பொத்தான். 10க்கு 6. ஊகித்திருந்தால் 5 வந்திருக்கும்.

மார்ச் 31
சுத்தியல். லேசாகத் துள்ளியது. நான் செய்யவில்லை, சத்தியமாக.

ஏப்ரல் 1
நாளை காலை 10 மணிக்கு அறுவை மருத்துவர். ஸ்கேன் உறையை வாசல் பக்கத்தில் வைத்துவிட்டேன். இன்று பொத்தானைத் தொடவில்லை.