பல்லில்லாத வாயும் கருங்காலி விதையும்

தீவுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது ஆமையின் வயதைத்தான். "இதுக்கு என்ன வயசிருக்கும் தம்பி?" சென்னையிலிருந்து சுற்றுலா வந்தவர்கள் ஆனாலும் சரி, மொரிசியஸின் ரோஸ் ஹில் ஊரிலிருந்து வரும் நம் தமிழ்க் குடும்பங்கள் ஆனாலும் சரி, கேள்வி மாறுவதில்லை. நான் வயதைச் சொல்லிவிட்டு அதன் வாயைக் காட்டுவேன். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

நான் வழிகாட்டியாக இருப்பது இல் ஓ எக்ரெத் தீவில். மொரிசியஸின் தென்கிழக்கில், மாயேபூர் பக்கம், கரையிலிருந்து படகில் சில நிமிடத் தூரத்தில் கிடக்கும் பவளச் சுண்ணாம்புப் பாறை. பரப்பு சுமார் 26 ஹெக்டேர். 1965இலிருந்து இயற்கைக் காப்பகம். இங்குள்ள கருங்காலி இனம் மொரிசியஸைத் தவிர வேறெங்கும் கிடையாது. ஒரு காலத்தில் அதை விறகுக்காக வெட்டித் தள்ளினார்கள். 1980களில் வெட்டுவது நின்றது. ஆனாலும் வெட்டிய இடங்களில் புதுக் கன்று தலைகாட்டவில்லை. மிச்சமிருந்த மரங்கள் காய்த்துக்கொண்டுதான் இருந்தன. பழத்தை அங்கிருந்து எடுத்துப்போகத்தான் ஆள் இல்லை.

எடுத்துப்போக வேண்டியது ஆமை. மொரிசியஸுக்கென்றே இரண்டு வகை ராட்சத ஆமைகள் இருந்தன. மனிதர் குடியேறிய பிறகு இரண்டும் அழிந்தன. 2000இல் அவற்றுக்குப் பதிலாக, சீஷெல்ஸ் நாட்டு அல்டாப்ரா தீவைச் சேர்ந்த ராட்சத ஆமைகளை இங்கே விட்டார்கள். வம்சம் வேறு, ஆனால் வாயும் குடலும் அதே வேலையைச் செய்யக்கூடியவை. ஆமைக்குப் பல் கிடையாது. விளிம்பு கூரான, கொம்புபோல் கெட்டியான அலகுதான் உண்டு. கடித்துத் துண்டாக்கும், மெல்லாது. அதனால் விதை நொறுங்காமல் வயிற்றுக்குள் போகிறது. செரிமானமோ மகா மெதுவு. விதை வெளியே வருவதற்குள் ஆமை தாய்மரத்தை விட்டு எங்கேயோ நடந்து போயிருக்கும். கருங்காலியும் இதற்குத் தோதாக, அடிமரத்திலும் தடித்த கிளைகளிலுமே பலாவைப்போல ஒட்டிக் காய்க்கிறது. ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து 2011இல் எழுதினார்கள்: ஆமையின் குடல் வழியே வந்த விதை, வராத விதையைவிட நன்றாக முளைக்கிறது. பாதையோரத்தில் ஆமைச் சாணம் கிடந்தால் நான் ஒரு குச்சியால் கிளறிக் காட்டுவேன். முகம் சுளிப்பவர்கள்கூட விதையைக் கண்டதும் குனிந்துவிடுவார்கள்.

அப்புறம் கழுத்து. கழுத்தடித் தோலை மெல்லத் தடவினால் ஆமை நான்கு காலையும் ஊன்றி உடம்பைத் தூக்கி, கழுத்தை முழுசாக நீட்டி அப்படியே நிற்கும். குழந்தைகள் அதற்குச் சொகம் பிடிக்கிறது என்பார்கள், அது தப்பில்லை. பசிபிக் கடலின் கலாபகோஸ் தீவுகளில் உள்ள ராட்சத ஆமைகளும் இதே மாதிரிதான் நிற்கும். அங்கே சிறு குருவிகள் வந்து தோல் மடிப்புகளில் உள்ள உண்ணிகளைப் பொறுக்கும். ஓட்டுக்குள் அடங்கிக் கிடக்கும் உடம்பு, இன்னொரு உயிருக்குத் தன்னை முழுசாகத் திறந்து காட்டுகிற வேளை இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும்.

அழிந்த இரண்டு வகைகளில் ஒன்றுக்கு ஓடு குவிமாடம் போலிருந்தது. குனிந்து மேய அது போதும். மற்றதன் ஓடு முன்பக்கம் சேணம்போல் தூக்கியிருந்தது. கழுத்தை அண்ணாந்து இலையை எட்டிப் பிடிக்க அந்த இடைவெளி வேண்டும். அல்டாப்ரா ஆமை குவிமாட வகை. ஆகவே பாதி வேலைக்குத்தான் பதில் ஆள் கிடைத்திருக்கிறது என்பது என் கணக்கு. செடிகளும் ஆமையை மனதில் வைத்து வளர்ந்தவைபோலத்தான் இருக்கின்றன. இங்குள்ள பல நாட்டு மரங்களின் கன்றுகளுக்கு இலை ஒடுங்கி, நிறம் மாறி, வேறு செடியோ என்று நினைக்க வைக்கும். ஆமையின் வாய்க்கு எட்டாத உயரம் வந்ததும் அகன்ற இலை விடும். மேய வந்த ஆமையை ஏமாற்றும் வேஷம் என்கிறார்கள். பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

மதுரையிலிருந்து வந்த ஓர் அம்மா இங்குள்ள டெல்ஃபேர் அரணை என்ற இனத்தைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார். "அரணை கடிச்சா மரணம்னு சொல்லுவாங்க தம்பி." இதற்கு விஷமே இல்லை அம்மா என்றேன். வழவழப்பான உருளை உடம்பு. கையில் பிடித்தால் நழுவும். இந்த வழவழப்புக்கு ஈடுகொடுக்க வடக்கே ரவுண்ட் தீவில் ஒரு பாம்பு இருக்கிறது. அதன் மேல்தாடை எலும்பு முன்பாதி, பின்பாதி என்று இரண்டாகப் பிரிந்து கீல் வைத்ததுபோல் மடங்கும். அரணையையும் பல்லியையும் கவ்வினால் இரண்டு பாதியும் உடம்பின் வளைவோடு வளைந்து இறுக்கிக்கொள்ளும். நான் விரல்களை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா பாம்பைவிட அரணைக்குத்தான் அதிகம் பயந்தார்.

இப்படி உறுப்பையும் வேலையையும் பொருத்திப் பொருத்திச் சொல்வது எங்கள் தொழிலுக்கு நல்ல தீனி. ஆனால் கதை எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறதோ அவ்வளவுக்கு எனக்குச் சந்தேகமும் வரும். தம்பலகோக் என்ற மொரிசியஸ் மரத்தின் கதை அப்படி. அதில் டோடோவும் வரும், இங்கே வாழ்ந்து அழிந்துபோன, பறக்காத, பெரிய அலகுள்ள பறவை. 1977இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்க ஆய்வாளர், அந்த மரத்தின் கெட்டி விதை டோடோவின் அரைப்பையில் (இரையை அரைக்கும் வயிற்றுப் பகுதி) தேய்ந்தால்தான் முளைக்கும், டோடோ போனதால் மரமும் போகிறது என்று எழுதினார். உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. பின்னால் வந்தவர்கள் தேய்க்காத விதையும் முளைப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். டோடோ அந்த விதையை நொறுக்கித் தின்றிருக்கவும் கூடும் என்றார்கள்.

ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளோடு வந்த ஆசிரியை இந்தக் கதையை முதல் பாதியோடு நிறுத்திவிட்டார். மறுபாதியை நான் சொன்னதும் அவருக்கு முகம் வாடிவிட்டது. "அப்போ அந்தப் பெரிய அலகு எதுக்குங்க?" என்றார். நியாயமான கேள்விதான். 1865இல், மாயேபூரில் பள்ளிக்கூடம் நடத்திய ஜார்ஜ் கிளார்க், இங்கிருந்து அதிக தூரமில்லாத மார் ஓ சோஞ்ச் சதுப்பில் ஆட்களை இறக்கினார். அவர்கள் வெறுங்காலால் சேற்றைத் துழாவித்தான் டோடோ எலும்புகளை எடுத்தார்கள். போர்ட் லூயி அருங்காட்சியகத்தில் ஒரே பறவையின் எலும்புக்கூடு ஏறக்குறைய முழுசாக இருக்கிறது. அலகின் பலத்தையும் காலின் தடிப்பையும் அதில் பார்க்கலாம். ஆனால் விழுங்கிய விதை முளைத்ததா என்பதை எலும்பிடம் கேட்க முடியாது. ஆமை விஷயத்தில் சாணத்தைக் கிளறினாலே போதும் என்றேன். "டோடோ சாணி எங்க கிடைக்கும்?" என்று பிள்ளைகளில் ஒருவன் கேட்டான். ஆசிரியை அவனை அதட்டினார். எனக்கு அவனைப் பிடித்துப்போனது.