யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டம் தேடுகிறேன்

ஜனவரி 18, ஞாயிறு

குடியை நிறுத்துவதற்காக ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, இன்று துண்டு வெட்டி வீட்டுக்கு வந்தாயிற்று. கிளம்பும்போது டொக்டர் சொன்னார்: "ஊசியும் குளிசையும் உடம்புக்குத்தான். இனி குடியை விட நினைக்கிற ஆக்களின்ர ஒரு குழுவைத் தேடிப் பிடியுங்கோ. முதல் இடம் சரிவரேல்லை எண்டு விட்டிடாதேங்கோ."

நாள்தோறும் குடிக்கிற யாராவது இதை வாசித்தால் ஒன்று சொல்கிறேன். கொடியேற்றத்தோடு விடுகிறேன், பொங்கலோடு விடுகிறேன் என்று வீட்டில் தனியாக இருந்துகொண்டு ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். நீண்டகாலம் குடித்த உடம்பு சில மணி நேரத்திலேயே நடுங்கத் தொடங்கும். வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். என் பக்கத்துக் கட்டில் ஐயா, கட்டிலுக்குக் கீழே பாம்பு நிற்கிறதென்று விடிய விடியக் கத்தினார். உயிர் போகக்கூடிய நிலை அது. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஜனவரி 21, புதன்

வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், சனசமூக நிலையத்தில் ஒரு கூட்டம். கிட்ட இருப்பதே பெரிய வசதி என்று மனைவி சொன்னாள். ஆனால் வந்திருந்தவர்களில் பாதிப் பேர் தெரிந்த முகங்கள். ஒருவர் எழுந்து ஈரல் எப்படிக் கெடும், குடும்பம் எப்படிச் சீரழியும் என்று நெடுநேரம் விளக்கினார். அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் ஈரலைப் பற்றித் தெரியாமல் யாரும் குடிப்பதில்லையே! கேட்டுக்கொண்டிருந்த எங்கள் ஒருவருக்கும் வாய் திறக்க இடம் கிடைக்கவில்லை.

முடியும்போது ஒரு பெரியவர் கையைப் பிடித்து, "நீர் எங்கட வாத்தியாற்ற மகனெல்லோ?" என்றார். அன்போடுதான் கேட்டார். இருந்தாலும் என் வாயிலிருந்து ஒரு சொல்லும் அந்த மண்டபத்தில் வராது.

ஜனவரி 25, ஞாயிறு

இன்று இணையவழி. தமிழ்நாட்டில் இருந்து நடத்துகிற தமிழ்க் கூட்டம். இரண்டு இடத்திலும் நேரம் ஒன்று என்பதால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சுலபமாகச் சேரலாம். பேசியவர்கள் ஒளிவுமறைவில்லாமல் பேசினார்கள். கேட்கக் கேட்க மனம் இளகியது. சிக்கல் என் பக்கம். எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். சுவருக்கு அந்தப் பக்கம் மகள் ஓஎல் சோதனைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது நான் எதைச் சொல்வது? ஆளில்லாத நேரங்களுக்கு இதை வைத்துக்கொள்வேன்.

ஜனவரி 31, சனி

நாளை போயா (பௌர்ணமி விடுமுறை), மதுக்கடைகள் பூட்டு. அதனால் இன்று பின்னேரம் கடைவாசலில் நல்ல கூட்டம். சைக்கிளை வேறு ஒழுங்கையால் விட்டேன். இரவில் மனம் அலைந்தால் அழைக்க 1926 என்ற எண்ணை டொக்டர் எழுதித் தந்திருக்கிறார். தேசிய மனநல நிறுவகத்தின் எண்.

பெப்ரவரி 3, செவ்வாய்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

பட்டணத்தில், ஒரு தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம், குடிநோய் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற அமைப்பு. திருநீற்றோடு வாசலில் தயங்கி நின்ற என்னை ஒரு வயதான அண்ணை, "வாங்கோ தம்பி, இது வாடகை இடம். இஞ்ச சமயம் ஒருத்தரும் கேக்கிறேல்லை" என்று கூட்டிப்போனார். இவர்கள் குடியிலிருந்து மீளப் பின்பற்றுகிற பன்னிரண்டு படிகளில், மூன்றாவதிலும் பதினோராவதிலும், அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்றுதான் வருகிறதாம். நல்லூரானை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதற்பெயர் போதும். சந்தா இல்லை, விரும்பினால் தட்டில் போடலாம். குடியை நிறுத்த விருப்பம் இருந்தால் அதுவே தகுதி. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை, பேசி முடித்தபின் புத்தி சொல்வதுமில்லை. எல்லாரும் "நான்" என்றுதான் பேசினார்கள். 'நீங்கள் இப்படிச் செய்ய வேண்டும்' என்று யாரும் சொல்லாத ஓரிடத்தில் இருப்பது எவ்வளவு ஆறுதல்! ஒருவர், கள்ளுத் தவறணைக்குப் போகிற நேரம் வந்ததும் கால் தானாக எழும்புகிறது என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் கால் எனக்கும் இருக்கிறது.

தேத்தண்ணி குடிக்கும்போது அண்ணை இது தொடங்கிய கதையைச் சொன்னார். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு சத்திரசிகிச்சை டொக்டரும் சந்தித்திருக்கிறார்கள், இருவரும் குடியால் நொந்தவர்கள். மனிசி, டொக்டர்மார் எல்லாம் சொல்லிக் கேட்காதவர்கள், ஒருவர் மற்றவருடைய கதையைக் கேட்டு நிமிர்ந்தார்கள். "அதைத்தான் தம்பி நாங்களும் செய்யிறம்."

இது திறந்த கூட்டம், குடும்பத்தினரும் வரலாம். மூடிய கூட்டம் குடிநோய் உள்ளவர்களுக்கு மட்டும். இரண்டிலும் இருந்து பார்க்கச் சொன்னார். நான் மூடியதைத்தான் விரும்புவேன் என்று நினைக்கிறேன்.

பெப்ரவரி 10, செவ்வாய்

திரும்பவும் அங்கேதான். பஸ்ஸில் தூரம்தான், ஆனால் அந்தத் தூரமே எனக்குத் தேவையாக இருக்கிறது. இன்று நானும் பேசினேன். கொஞ்சம்தான். என் பெயர், பிறகு நான் யாருக்கும் சொல்லாத ஒரு இரவைப் பற்றி. அதை இங்கேயும் எழுதமாட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி கேட்டாள், "உங்களுக்கு இருந்து கதைக்க ஒரு இடம் கிடைச்சிட்டுது. நாங்கள் எங்க போய்க் கதைக்கிறது?" நியாயமான கேள்வி. குடிப்பவர்களின் குடும்பத்தினருக்கென்று அல்-அனான் என்ற அமைப்பு 1951இல் இருந்தே உலகத்தில் இருக்கிறது. இங்கே கிட்ட எங்காவது நடக்கிறதா என்று அடுத்த செவ்வாய் அண்ணையிடம் விசாரிக்க வேண்டும். இல்லையென்றால் திறந்த கூட்டத்துக்கு என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.