டுனீன் கிராமத்து எலும்புகள்

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்த பிறகுதான் புத்தகத்தைக் கீழே வைத்தேன்.

கிரஹாம் நார்டனின் ‘ஹோல்டிங்’. 2016-இல் வந்த நாவல். அயர்லாந்தின் கார்க் பகுதியில் டுனீன் என்றொரு கற்பனைக் கிராமம். பழைய பண்ணை நிலத்தில் கட்டட வேலைக்குத் தோண்டும்போது மனித எலும்புகள் கிடைக்கின்றன.

விசாரிக்க வருபவர் சார்ஜென்ட் பி.ஜே. காலின்ஸ். பருத்த உடம்பு. இவர் ஓடிப்போய் ஒரு திருடனைப் பிடிப்பார் என்று ஊரில் ஒருவரும் நம்பவில்லை.

அயர்லாந்துக் காவல்துறைக்கு ‘கார்டா’ என்று பெயர். சீருடையில் இருக்கும் பெரும்பாலோரிடம் துப்பாக்கி கிடையாது. இவரிடம் இருப்பது பொறுமைதான். மனிதர்களிடம் உட்கார்ந்து காது கொடுக்கிறார்.

கொலைகாரர் யார் என்பதைவிட, பிரீட், எவலின் என்ற இரண்டு பெண்கள்தான் எனக்குள் நிற்கிறார்கள்.

இருவரும் நேசித்தது ஒரே ஆளை, டாமி பர்க்கை. அவன் காணாமல் போய் இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. எங்கோ போய்விட்டான் என்றே ஊர் நம்பியிருந்தது.

அத்தனை வருடமும் இவர்கள் அதே சின்ன ஊரில்.

கடைக்குப் போனால் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்துத்தானே ஆக வேண்டும்?

அந்த ஒரு நிமிஷத்தை எப்படிக் கடந்திருப்பார்கள் என்று நினைத்தபடியே அடுப்பைத் துடைத்தேன்.