பேரி சாண்டர்ஸ்

அமெரிக்கக் கால்பந்து வீரரான இவர் பந்தோடு ஓடுவதைப் பழைய வீடியோக்களில் பார்க்க ஆரம்பித்தால் நிறுத்தவே முடிவதில்லை. ஐந்தடி எட்டங்குலம்தான். நாலு பேர் சுற்றி வளைத்த பிறகும் சட்டென்று நின்று, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி நழுவிவிடுவார். டச்டவுன் போட்டதும் (பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்ப் புள்ளி எடுத்ததும்) ஆட்டம் பாட்டம் கிடையாது; பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவார்.

டெட்ராய்ட் லயன்ஸ் அணியில் 10 சீசன்; பந்தோடு ஓடிக் கடந்தது 15,269 யார்டு. 1997-ல் மட்டும் 2,053! அப்படிப்பட்டவர் இருந்தும் அந்தப் பத்து வருஷத்தில் லயன்ஸ் ஜெயித்த பிளேஆஃப் (சீசன் கடைசியில் வரும் நாக்அவுட்) ஆட்டம் ஒன்றே ஒன்று. எனக்கு இன்னும் ஆறவில்லை.

1999-ல், ஓடியே அதிக யார்டு கடந்தவர் என்ற வால்டர் பேட்டனின் சாதனையைத் தொட 1,457 யார்டுதான் பாக்கி. சொந்த ஊர் விச்சிட்டா பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பி ஓய்வு பெற்றுவிட்டார். அப்போது வயசு 31.