பெங்கலா நாட்குறிப்பு: எதை எழுதுவது, எதை விடுவது

ஜூன் 3, செவ்வாய்

வடக்கு பாலியில் இருக்கிற பெங்கலா. ஏறத்தாழ மூவாயிரம் பேர் உள்ள ஊரில் நாற்பது பேர் அளவுக்குப் பிறவியிலேயே காது கேளாதவர்கள். தலைமுறைகளாக இப்படியே இருப்பதால் காது கேட்கிறவர்களிலும் பலருக்குக் கட்டா கொலொக் என்ற இந்த ஊர்ச் சைகை மொழி தெரியும்.

இந்த மொழியில் பேசுவதைக் காணொளியிலிருந்து எழுத்தில் பதிவதுதான் என் வேலை. காணொளிக்குக் கீழே குறிப்பெழுத உதவும் ஈலான் மென்பொருளில் ஒன்றைத் திறந்து வலக்கை, இடக்கை, வாய், பார்வை, பொருள் என்று வரிசைகள் போட்டேன். போட்டதுமே கட்டைவிரலில் மாட்டிக்கொண்டேன். முஷ்டிக்கு வெளியே நீட்டியிருக்கிறதா, மேலே ஒட்டிக் கிடக்கிறதா? சைகைகளை எழுதுவதற்கான ஹாம்னோசிஸ் குறியீட்டில் சுமார் 200 குறிகள் உண்டு, கட்டைவிரலையும் எழுதிவிடலாம். எழுத முடிகிறது என்பதற்காக எழுதுவதா?

ஜூன் 5, வியாழன்

1960இல் அமெரிக்கச் சைகை மொழியை எழுத மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கி வைத்தவை மொத்தம் 55 குறிகள்தான். கைவடிவம், இடம், அசைவு, அவ்வளவே. அந்த மொழியில் 'அம்மா'வும் 'அப்பா'வும் ஒரே கை, ஒரே அசைவு. மோவாயில் வைத்தால் அம்மா, நெற்றியில் வைத்தால் அப்பா. ஆக, இடத்தை எழுதியே தீரவேண்டும்.

அதே சோதனையைக் கட்டைவிரலுக்கு வைத்துப் பார்த்தேன். ஒரே பெரியவர் ஒரே கதைக்குள் இரண்டு விதமாகவும் பிடிக்கிறார். இரண்டையும் செய்துகாட்டி வித்தியாசம் கேட்டேன். "அதுதான் இது" என்பதுபோல் கையை உதறினார். சரி, கட்டைவிரல் போகட்டும்.

ஜூன் 9, திங்கள்

வாய் அப்படிப் போகவில்லை. வாக்கிய முடிவில் உதட்டைச் சப்பென்று தட்டித் திறக்கிறார்கள். காரியம் முடிந்துவிட்டது என்பதற்கான இலக்கணக் குறி அது. கையை மட்டும் எழுதினால் 'சாப்பிட்டாயிற்று' என்பதில் 'ஆயிற்று' காணாமல் போகும். தொல்லை என்னவென்றால், வெற்றிலை போடும் கிழவர்களுக்கு வாய் எப்போதும் அசைந்துகொண்டே இருக்கிறது. சந்தேகமான இடங்களில் அசைவை மட்டும் பதிந்துவிட்டுப் பொருள் வரிசையைக் காலியாக விடுகிறேன்.

ஜூன் 14, சனி

இதுதான் பெரிய விஷயம். இங்கே ஒருவரைப் பற்றிப் பேசினால் அவர் வீடு உண்மையில் இருக்கும் பக்கமே விரல் போகும். பொழுதைச் சொல்லவும் சூரியன் அந்நேரம் நிற்கும் இடத்தைத்தான் காட்டுகிறார்கள். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தால், முன்பு வலப்பக்கம் காட்டியவர் இப்போது இடப்பக்கம் காட்டுவார். நாம் பழகிய குறியீடுகளோ திசையைப் பேசுகிறவரின் உடம்பை வைத்தே எழுதுகின்றன. 'வலப்பக்கம் சுட்டினார்' என்று நான் எழுதினால் அதில் எந்த வீடும் இல்லை.

அதனால் ஒவ்வொரு காணொளிக்கும் கேமரா பார்த்த திசைக்கு ஒரு வரிசை. இனி எடுப்பவற்றுக்குக் கவலையில்லை. கேமராவுக்கு முன் கைப்பேசித் திசைகாட்டியை ஒரு நொடி காட்டினால் போதும்.

ஜூன் 15, ஞாயிறு

பழைய காணொளிகளுக்கு நிழல்தான் துணை. மாலை நாலு மணிப் பதிவு என்றால் சூரியன் மேற்கே, நிழல் கிழக்கே. நண்பகல் பதிவில்தான் கவனம் வேண்டும்: நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் ஜூன் மாத உச்சிவெயில் இங்கே வடக்கிலிருந்து விழுகிறது, நிழல் தெற்கே. முற்றத்தில் எடுத்தவற்றில் பெரும்பாலானவை இப்படித் தேறிவிட்டன. அறைக்குள் எடுத்தவற்றுக்கு எந்த வீடு, எந்த ஜன்னல் என்று விசாரிக்க வேண்டும். தெரியாவிட்டால் அந்தச் சுட்டல்களுக்கு நேரே கேள்விக்குறி போடுவேன். 'வலம்', 'இடம்' என்று ஒப்புக்கு நிரப்பமாட்டேன்.